சுறா விட்ட தலை

நுக்குஅலோஃபா துறையில் விடியாத நான்கு மணி.
ஹேமலோத்தோவின் படகிலிருந்து ஐஸ் பெட்டிகள் இறங்குகின்றன.
அளப்பது என் வேலை:
மூக்கு நுனியிலிருந்து வால் கவட்டை வரை.
கவட்டைக்கு அப்பால்
சவுக்கு நுனிபோல் நீண்டு கிடக்கும் வாலிழைக்கு
என் படிவத்தில் கட்டம் இல்லை.

பெயர் வந்ததோ அந்த இழையால்தான்.
பாலு தவாகே.
தவாகே ஒரு வெள்ளைப் பறவை,
உடம்பைவிட நீளமான இரண்டு இறகுகளை
வாலில் இழுத்துக்கொண்டு பறக்கும்.
நூற்றைம்பது பாகம் கீழே,
கடலடி மலையின் சரிவில்,
வானம் என்ற செய்தியே எட்டாத ஒன்றுக்கு
அதன் பெயரை வைத்தவன்
நரம்பை இழுத்துக்கொண்டிருக்கும்போது
ஒருமுறை அண்ணாந்திருக்க வேண்டும்.

தட்டில் கிடத்தினால் அப்படி ஒரு சிவப்பு.
கீழே அது சிவப்பு இல்லை.
கடல் முதலில் குடித்துத் தீர்ப்பது சிவப்பைத்தான்,
ஏழெட்டுப் பாகத்துக்குள் சொட்டு மிச்சமிருக்காது.
அதற்கும் கீழே இந்த உடம்பு
இருட்டில் போட்ட இருட்டு.
தன் நிறத்தை அது ஒருநாளும் கண்டதில்லை,
அவ்வளவு பெரிய கண் இருந்தும்.
கண்டவர்கள் ஹொனலூலுவில் இருக்கிறார்கள்,
வெளுக்காமல் வந்தால் கிலோவுக்கு இன்ன விலை என்று.

சுருளில் நரம்பு ஏற ஏற
வயிற்றுக்குள் மடங்கியிருந்த காற்று விரிகிறது.
இரைப்பை வாய்வழியே பிதுங்கி
இன்னொரு நாக்குபோல் தொங்குகிறது.
சின்னது என்று இரங்கித் திருப்பி விட்டாலும்
மிதக்கும், மூழ்காது.
அதனால் யாரும் இரங்குவதில்லை.

முழு மீனில் கத்தி வைக்க எனக்கு அனுமதி இல்லை.
மண்டை பிளந்ததை விமானத்தில் ஏற்றமாட்டார்கள்.
பாதி வழியில் சுறா மறித்துக்கொண்ட நாளில்தான்
எனக்கு வேலை.
"கலொலைனே, இன்றைக்கு உனக்கு மூன்று!"
வாளியில் வந்து விழும் தலைகள்.
எறிகிறவன் முகத்தில் டீசல் கணக்கு.
அப்போது நன்றி சொல்லக் கூடாது என்று
முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டேன்.

செவுளைத் தூக்கி, எலும்பை நெம்பி, இடுக்கியால் எடுத்தால்
காதுக்கல் இரண்டு.
சுண்டுவிரல் நகம் அளவு, பால் வெள்ளை.
பிசினில் புதைத்து, தாள் கனத்துக்கு அறுத்து,
நுண்ணோக்கியில் வைத்தால்
ஒரு வெளிச்ச வளையம், ஒரு மங்கல் வளையம்,
இரண்டும் சேர்ந்து ஓர் ஆண்டு.

நேற்றைய கல்லில் எனக்கு முப்பத்தொன்பது.
மறுபடி எண்ணினேன், நாற்பத்தொன்று.
பக்கத்து மேசை தௌஃபாவுக்கு முப்பத்தெட்டு.
நடுவில் உள்ளதை எழுதச் சொல்கிறது விதி.

எழுதிய பிறகும் விளக்கை அணைக்கவில்லை.
ஓரத்திலிருந்து உள்நோக்கி விரலைவிட்டுத் தேடினேன்,
கடலுக்குள் மலை வெடித்த ஆண்டை.
கூரையிலிருந்து சாம்பலை நாங்கள் வாரிக் கொட்டிய,
குடிக்கத் தண்ணீரும் பேசத் தொலைபேசியும் இல்லாத
அந்த சனவரியை.
என் வலக்காது மூன்று நாள் இரைந்தது.
இதுவோ காதேதான்,
அதே கடலுக்குள் இருந்த காது.
அந்த வளையமும் மற்றவற்றைப் போலவே இருந்தது.
கொஞ்சம் ஒல்லியோ என்றுகூடத் தோன்றியது.
அப்படித் தோன்ற வேண்டும் என்று நான் விரும்பினேன்,
ஆகவே அதை எழுதவில்லை.

இன்று துறையில் சொன்னேன்:
நேற்று நீ எறிந்த நடுத்தலைக்கு வயது முப்பத்தொன்பது.
ஹேமலோத்தோ கையிலிருந்த குழாயை மூடினான்.
"என்னைவிட நான்கு வயது மூத்தது."
தளத்தைப் பார்த்தான்.
பிறகு கேட்டான்:
"வயதுக்கு ஏதாவது கூடுதலாகத் தருவார்களா?"

இல்லை, நிறத்துக்கு மட்டும்தான்.

குழாயைத் திறந்தான்.
நீர் போகும் பக்கம் சிவப்பும் போனது.
நான் அடுத்த மீனைப் பலகையில் நீட்டினேன்,
மூக்கு சுழியத்தில்,
வாலிழை பலகைக்கு வெளியே தொங்க.